தேர்வீதியும் சேரிநத்தமும்: பேட்ரிக் கெடிசின் சென்னை மாகாண அறிக்கைகளை விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

1914–15ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண நகரங்களைப் பார்வையிட்டு பேட்ரிக் கெடிஸ் எழுதிய அறிக்கைகள், இந்திய நகரமைப்பு வரலாற்றில் மனிதநேயம் மிக்க ஆவணங்களாகப் போற்றப்படுகின்றன. இப்பாராட்டு பெரும்பாலும் பொருத்தமானதே. ஆயினும், கோயிலையும் தேர்வீதியையும் மையமாகக் கொண்டு நகரை ஓர் உயிரியாகக் கண்ட அவருடைய நோக்கில், ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லை ஒரு நகரமைப்புச் சிக்கலாக இடம்பெறவில்லை. 1920இல் உருவான சட்ட, நிர்வாக ஏற்பாடுகள் அவ்விடைவெளியை நிலைப்படுத்தின. பெருநகரங்களை விட்டு விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு ஊர்களில் நின்று அவ்வறிக்கைகளை வாசிக்கையில் இக்குறை தெளிவாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: பேட்ரிக் கெடிஸ், நகரமைப்பு, நத்தம், சேரி, இரட்டைமலை சீனிவாசன், விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

தமிழக நகரங்களின் நவீன வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சென்னை, மதுரை, கோவை ஆகியவற்றையே சான்றாகக் கொள்கின்றனர். இருப்புப்பாதைச் சந்திப்பாக வளர்ந்த விழுப்புரமும், வட்டத் தலைமையிடமாகவும் சாலைச் சந்திப்பாகவும் நின்ற திண்டிவனமும் இவ்வரலாற்றில் வழிப்போக்கர் இறங்காமல் கடந்து செல்லும் நிலையங்களாகவே உள்ளன. தமிழகத்தின் நகர்மயமாதல் பெரிதும் இத்தகைய நடுத்தர ஊர்களிலேயே நிகழ்ந்துள்ளது. ஆகவே, ஒரு நகரமைப்புக் கோட்பாட்டின் வலிமையை அது எழுதப்பட்ட நகரில் சோதிப்பதோடு நிறுத்தாமல், அது எழுதப்படாத ஊரிலும் சோதிப்பது பயனுடையதாகும்.

கெடிஸ் பற்றிய வாசிப்புகள் இருவகையாக அமைந்துள்ளன. ஜாக்குலின் டிர்விட் 1947இல் தொகுத்த நூல் அவரைக் குடியேற்ற ஆட்சியின் இடிப்புக் கொள்கையை எதிர்த்த முன்னோடியாக அறிமுகம் செய்தது. பின்னர் ராமச்சந்திர குஹா போன்ற வரலாற்றாசிரியர்கள் அவரைச் சூழலியல் நோக்குடைய நகரமைப்பாளராக அடையாளம் கண்டனர். இவ்விரு வாசிப்புகளும் கெடிஸ் எதை எதிர்த்தார் என்பதை நன்கு விளக்குகின்றன. அவர் எதைக் காக்க விரும்பினார், காக்கப்பட்டவற்றுள் என்னென்ன அடங்கியிருந்தன என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

1. எம்டன் ஆண்டில் வந்த கண்காட்சி

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரான கெடிஸ் (1854–1932), சென்னை ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்தார். அவர் உலக நகரங்களின் வரைபடங்களையும் படங்களையும் கொண்ட நகரமைப்புக் கண்காட்சி ஒன்றைத் தனியே கப்பலில் அனுப்பியிருந்தார். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல், அடுத்த மாதம் அக்கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் என்னும் கப்பலை மூழ்கடித்தது. நண்பர்களின் உதவியால் புதிதாகத் திரட்டப்பட்ட கண்காட்சி 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தில் நடைபெற்றது. அதையொட்டிய மாதங்களில் மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட மாகாண நகரங்களைப் பற்றிய அறிக்கைகள் எழுதப்பட்டன.

அக்காலச் சூழலையும் கருத வேண்டும். 1890களின் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது; 1911இல் கல்கத்தாவுக்கும் அத்தகைய சட்டம் வந்தது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகன்ற நேர்ச்சாலைகளை அமைப்பதே ‘மேம்பாடு’ எனப்பட்டது. இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோர் அடுத்த நெருக்கமான தெருவுக்குள் சென்று புகுந்தனர். நோய் தீரவில்லை, வாடகைதான் உயர்ந்தது.

2. கெடிசின் வலிமை

இப்போக்கிற்கு மாற்றாகக் கெடிஸ் முன்வைத்த முறை ‘காப்பு அறுவை’ எனப்படும். நோயுற்ற உறுப்பை முழுவதும் வெட்டி எறியாமல், தேவையான இடத்தில் மட்டும் சிறிதளவு கீறும் மருத்துவரின் முறை அது. தஞ்சாவூரின் நெருக்கமான பகுதி ஒன்றில் நேர்ச்சாலைகள் வெட்டும் திட்டம் இருந்தது. கெடிஸ் அப்பகுதியின் சந்துகளில் நடந்து, வெற்றுமனைகளையும் இடிந்து கிடந்த வீடுகளையும் கணக்கிட்டார். அவற்றை மட்டும் அகற்றிச் சிறு சதுக்கங்களை உருவாக்கி, மரம் நட்டு, இருக்கும் தெருக்களை இணைத்தாலே காற்றும் வெளிச்சமும் கிடைக்கும் என்று காட்டினார். வீடிழப்போர் தொகை வெகுவாகக் குறையும், செலவும் குறையும். அலுவலகத்தில் அளவுகோல் கொண்டு இப்பணியைச் செய்ய இயலாது, தெருவில் நடந்தே செய்ய வேண்டும் என்பது அவருடைய அறிவுரையின் சாரம்.

‘திட்டத்திற்கு முன் ஆய்வு’ என்னும் அவருடைய நெறியும் இங்கிருந்தே பிறக்கிறது. கோயில் நகரங்களின் மாடவீதி, தேர்வீதி அமைப்பை மூடப்பழக்கத்தின் எச்சமாகக் கருதாது, உயர்ந்த நகரமைப்பு மரபாக அவர் மதித்தார். காஞ்சிபுரத்தின் அகன்ற வீதிகளும் தோட்டம் சூழ்ந்த வீடுகளும் அவருடைய பெரும் பாராட்டைப் பெற்றன. கொசுவை ஒழிப்பதன் பெயரால் குளங்களைத் தூர்ப்பதை அவர் எதிர்த்தார். மீனும் வாத்தும் வளர்த்தால் கொசு குறையும், குளமும் நிலைக்கும் என்றார். ஆங்கில ஆட்சியின் பொறியாளர் எவரும் அன்று இவ்வாறு எழுதத் துணிந்திருப்பாரா என்பது ஐயமே. இவ்வலிமைகளை ஏற்றுக்கொண்ட பின்னரே நம் வினா தொடங்குகிறது.

3. ஆய்வுக்கு முந்தைய ஆய்வு

கெடிஸ் தஞ்சாவூரில் நடந்தபோது, அந்நகரின் பெரிய கோயில் சுவர்களில் 900 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலவகைப்பாடு ஒன்று ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருந்தது. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு இறை செலுத்த வேண்டிய ஊர்களைக் குறிப்பிடுகையில், இறையிலியாக நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு முதலியன அப்பட்டியலில் தனித்தனியே இடம்பெறுகின்றன. சில ஊர்களுக்குத் தீண்டாச்சேரியும் சுட்டப்படுகிறது. வாழும் மக்களின் பிறப்பைக் கொண்டு குடியிருப்பு நிலத்தைப் பகுத்த ஆவணம் இது.

சங்க இலக்கியத்தில் ‘சேரி’ என்னும் சொல் பொதுவாக மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது என்பது தமிழாய்வுலகம் அறிந்ததே. சிறுபாணாற்றுப்படையின் தலைவனான ஓய்மானாட்டு நல்லியக்கோடனோடு தொடர்புடைய கிடங்கில், இன்று திண்டிவனம் நகரின் பகுதியான கிடங்கல் என்று அறிஞர்களால் அடையாளம் காணப்பட்டுள்ளது. அப்பாட்டில் பாணர் குடும்பம் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் எனப் பல ஊர்களிலும் விருந்து பெற்றுச் செல்கிறது. பாட்டின் உலகில் ஊர்கள் வழிநடப்போர்க்குத் திறந்திருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டில் குடியிருப்பின் பெயரே எல்லையாகிவிடுகிறது. பாட்டு காட்டுவது ஓர் இலட்சியமாக இருக்கலாம், கல்வெட்டு காட்டுவது இறைக்கணக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பொற்காலத்தின் வீழ்ச்சி எனக் கூறுவது பொருந்தாது. நிலக்கணக்கு என்பது அளவை மட்டுமன்று, யார் எங்கே வாழலாம் என்னும் ஆணையும் ஆகும் என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

ஆங்கிலேயர் கால நில அளவையும் வரித்திட்டமும் இப்பகுப்பை அழிக்கவில்லை. நத்தம், சேரிநத்தம், புறம்போக்கு என்னும் வகைகள் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் நிலைபெற்றன. திண்டிவனம் வட்டத்தை அடுத்துள்ள செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு, மனைநிலத்தின் மீது உரிமையின்மையே பறையர் மக்களின் அடிமைநிலைக்கு முதற்காரணங்களுள் ஒன்று என்பதை விரிவாகக் காட்டியது. வீட்டு மனை மிராசுதாரருடையதாயின், கூலி கேட்பவன் அன்றிரவே வீடிழப்பான். நகரமைப்பாளர் வருவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன்பே மனையிடத்தின் அரசியல் அரசு ஆவணங்களில் பதிவாகியிருந்தது.

கெடிஸ் ‘திட்டத்திற்கு முன் ஆய்வு’ என்றார். ஆயின் அவருடைய ஆய்வுக்கும் முந்தைய இவ்வாய்வை அவர் தம் முறையின் பொருளாகக் கொள்ளவில்லை. உயிரியலாளரின் கண் நகரை ஓர் உடலாகக் காண்கிறது. உடலில் உறுப்புகள் ஒன்றையொன்று வெளியேற்றுவதில்லை, ஒன்றுக்கொன்று துணைபுரிகின்றன. ஊரும் சேரியும் அத்தகைய உறுப்புகள் அல்ல. ஒன்றின் தூய்மை மற்றொன்றின் விலக்கத்தால் வரையறுக்கப்படும்போது, ‘மரபான அமைப்பைக் காத்தல்’ என்பது விலக்கத்தையும் சேர்த்தே காப்பதாக முடியும்.

கெடிஸ் ஒடுக்கப்பட்டோர் மீது அக்கறையற்றவர் எனக் கூறுவது அநீதியாகும். பின்னர் இந்தூரில் பணியாற்றியபோது, தீபாவளி ஊர்வலத்தில் துப்புரவுப் பணியாளர்களுக்குப் பூவணிவித்துப் பெருமைப்படுத்தியவர் அவர். ஊர்வலத்தில் கிடைத்த பெருமை உண்மையானதே. ஆயின் ஊர்வலம் முடிந்தபின் அவர்கள் எத்தெருவுக்குத் திரும்பினர் என்பதே நகரமைப்பு கேட்க வேண்டிய வினா.

4. 1920: இரு கோப்புகள்

கெடிசின் வருகைக்குப் பின் எச். வி. லான்செஸ்டர் சென்னை அரசின் நகரமைப்பு ஆலோசகராகப் பணியாற்றினார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் (1920ஆம் ஆண்டின் 7ஆம் சட்டம்) நிறைவேறியது. அதே ஆண்டில் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வந்தது. நகரமைப்புத் திட்டம் வகுக்கும் பொறுப்பு நகராட்சிகளிடம் வந்து சேர்ந்தது. திட்டத்தால் நிலம் இழப்பவர்க்கு இழப்பீடும், நிலமதிப்பு உயரப் பெற்றவரிடமிருந்து மேம்பாட்டுத் தொகையும் என்னும் ஏற்பாடு அச்சட்டத்தின் பொருளாதார அடித்தளமாகும். இரண்டும் நிலவுரிமையை அடியாகக் கொண்டவை. நகராட்சித் தேர்தலில் வாக்குரிமையும் சொத்து, வரித் தகுதி உடையோர்க்கே இருந்தது. பட்டா இல்லாதவர் இச்சட்டத்தின் முன் நிற்பதற்கு மனையுமில்லை, வாக்குமில்லை.

அவர்களுக்கென மற்றொரு கோப்பு திறக்கப்பட்டது. 1919–20இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நலனுக்கென நியமிக்கப்பட்ட தனி அலுவலர் பதவி, தொழிலாளர் ஆணையர் என்னும் பெயரில் நிலைபெற்றது. நிலம் கையகப்படுத்தி வீட்டுமனை வழங்குவது அத்துறையின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. இப்பணியின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. மிராசுதாரரின் மனையிலிருந்து விடுபட்டுத் தம் பெயரில் மனை பெற்ற குடும்பங்களுக்கு அது வாழ்வின் திருப்பமாகும். ஆயின் நிர்வாக அமைப்பை நோக்கினால், ஒரே அரசு ஒரே காலத்தில் குடியிருப்புச் சிக்கலை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஊரின் தெரு, வடிகால், சந்தை ஆகியன நகரமைப்பு எனப்பட்டன. சேரியின் மனை, கிணறு, பாதை ஆகியன நலப்பணி எனப்பட்டன. முன்னது வரைபடத்தில் இடம்பெற்றது. பின்னது விண்ணப்பத்தில் இடம்பெற்றது.

இப்பிரிவு தமிழ்ச் சொல்வழக்கிலேயே பதிந்துள்ளது. ‘காலனி’ என்னும் ஆங்கிலச் சொல் வேறு பல இடங்களில் எந்தக் குடியிருப்பையும் குறிக்கும். வடதமிழகச் சிற்றூர்களில் அடைமொழியின்றி ‘காலனி’ என்றால் தலித் குடியிருப்பு என்றே பொருள். தனியார் மனைப்பிரிவுகள் ‘நகர்’ என்னும் பெயரைச் சூடிக்கொண்டன. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது, நூறாண்டுப் பழைய இரு கோப்புகளின் கதையில் ஒரு பின்னிணைப்பாகும்.

5. தெருவின் அகலமும் தெருவின் உரிமையும்

இவ்விரு கோப்புகளையும் ஒன்றாக்கிப் பேசிய குரல் நகரமைப்பாளர்களிடமிருந்து வரவில்லை. செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1924இல் பொதுச்சாலைகள், தெருக்கள், கிணறுகள் ஆகியவற்றைப் பயன்படுத்த எச்சாதியினருக்கும் தடையில்லை என்னும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. இத்தீர்மானம் சமூகநீதி வரலாற்றில் உரிய இடம் பெற்றுள்ளது. நகரமைப்பு வரலாற்றில் அதற்கு இடமில்லை. கெடிசின் அறிக்கைகளோடு இணைத்து வாசிக்கப்பட வேண்டிய நகரமைப்பு ஆவணமாகவே இக்கட்டுரை அதனைக் கருதுகிறது.

பொறியாளர்கள் தெரு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்று கேட்டனர். தெரு ஏன் அகலமாக வேண்டும், அங்கு வாழ்வோர் என்னாவர் என்று கெடிஸ் கேட்டார். அத்தெருவில் யார் நடக்கலாம் என்று சீனிவாசன் கேட்டார். மூன்றாவது வினாவுக்கு விடை கிடைக்காதவரை முதலிரு வினாக்களின் விடைகள் ஊராருக்கு மட்டுமே உரியவை. கெடிஸ் போற்றிய தேர்வீதி, அழகிய நகரமைப்பு என்பதில் ஐயமில்லை. அவ்வீதியில் தேர் ஓடும் நாளில் யார் வடம் பிடிப்பர், யார் தொலைவில் நிற்பர் என்பதும் அவ்வமைப்பின் பகுதியே.

6. சந்திப்பு நகரின் சான்று

விழுப்புரம் இவ்வாதத்திற்குத் தக்க சோதனைக்களமாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்னை, புதுச்சேரி, காட்பாடி, தென்திசைத் தடங்கள் இங்கே கூடின. 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் குறுக்குப் பாதையும் சேர்ந்தது. 1919இல், அதாவது நகரமைப்புச் சட்டத்திற்கு ஓராண்டு முன்பு, விழுப்புரம் மூன்றாம் நிலை நகராட்சியாயிற்று. கோயிலையும் தேர்வீதியையும் சுற்றி வளர்ந்த நகரன்று இது. நிலையத்தையும் கடைத்தெருவையும் நோக்கி வளர்ந்த நகர். கெடிசின் கோயில்நகர் மாதிரி இங்கே பொருந்தாது.

இருப்புப்பாதை ஒரு புதிய வாய்ப்பைத் தந்தது. பயணச்சீட்டு சாதி கேட்பதில்லை. சுமை தூக்கவும் வண்டி ஓட்டவும் கடைத்தெருவில் வாங்கவும் விற்கவும் சேரி மக்கள் நகரின் நடுவுக்கு வந்தனர். கிராமத்தில் தொலைவால் காக்கப்பட்ட எல்லை, சந்தை நகரில் ஒரு தெருவின் அகலமாகச் சுருங்கியது. எல்லை சுருங்கியதால் அது மறைந்துவிடவில்லை, உரசல் மிகுந்தது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த சாதி வன்முறையில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டனர். இந்நிகழ்வின் அரசியல், சமூகக் காரணங்கள் பல. அவற்றை நகரமைப்பு என்னும் ஒற்றைக் காரணத்தில் அடக்குவது தவறாகும். எனினும், கடைத்தெருவும் சேரியும் அருகருகே இருந்தும் ஒரே நகராகாத ஓரிடத்தில் அது நிகழ்ந்தது என்பதை நகர வரலாறு கண்டுகொள்ளாமல் விட முடியாது. 60 ஆண்டு நகராட்சி ஆட்சியும் அவ்விரண்டையும் ஒரே வரைபடத்திற்குள் கொண்டுவரவில்லை என்பதே அங்குத் தெரியும் உண்மை.

திண்டிவனம் வேறுவகையானது. திந்திரிணீசுவரர் கோயில், கிடங்கல் கோட்டையின் நினைவு, ஏரி, அங்காடி என அடுக்கடுக்காக அமைந்த பழைய ஊர் அது. கெடிஸ் கண்டிருந்தால் அதனை விரும்பியிருப்பார் என்று நாம் ஊகிக்கலாம். புளியங்காட்டின் பெயரைத் தாங்கிய கோயிலும் அதன் தெருக்களும் காக்கப்பட வேண்டியவையே. ஆயின் ‘பழமை’ என்னும் ஒரே சொல்லுக்குள் கோட்டையின் நினைவும் நத்தத்தின் எல்லையும் சேர்ந்தே கிடக்கின்றன. எதைக் காப்பது, எதைக் கரைப்பது என்னும் தேர்வைக் ‘காப்பு அறுவை’ தன்னளவில் சொல்லித் தருவதில்லை. அத்தேர்வுக்கு வேறொரு அளவுகோல் வேண்டும். சீனிவாசனின் தீர்மானம் அவ்வளவுகோலைத் தருகிறது.

7. ஏரியும் புறம்போக்கும்

கெடிசின் நோக்கு இன்றும் நமக்கு இன்றியமையாததாகும் ஓரிடம் உண்டு, அது நீர். அவர் குளங்களைத் தூர்க்காதீர் என்று கூறிய சில ஆண்டுகளிலேயே, 1920களில், சென்னையில் மாம்பலம் நீண்ட ஏரியின் படுகையில் தியாகராய நகர் எழுந்தது. நகரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் மாகாணத் தலைநகர் கண்ட புகழ்பெற்ற விரிவாக்கமே ஓர் ஏரியின் மேல் அமைந்தது என்பது சிந்திக்கத் தக்கது. அம்முன்மாதிரியைப் பிற்காலத்தில் மாவட்டத் தலைநகரங்களும் பின்பற்றின. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. விழுப்புரமும் சுற்றூர்களும் நீரில் மூழ்கின. நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது.

இங்கும் இரு கோப்புகளின் கதையே தொடர்கிறது. நீர்நிலைப் புறம்போக்கில் அரசுக் கட்டடம் எழுந்தால் அது வளர்ச்சித் திட்டம். மனையற்றோர் குடிசை எழுந்தால் அது ஆக்கிரமிப்பு. நீர்நிலை மீட்பு என்று வரும்போது முதலில் அகற்றப்படுவது குடிசையே. சூழலியல் நோக்கில் கெடிசைப் போற்றுவோர் இதனைக் கருத வேண்டும். மனையுரிமை பற்றிய வினாவைப் பிரித்துவிட்டு ஏரியை மட்டும் காக்க முற்பட்டால், காப்பின் விலையை நிலமற்றோரே செலுத்துவர். சேரிநத்தம் போதிய அளவு ஒதுக்கப்படாததாலேயே பலர் புறம்போக்கில் குடியேறினர் என்பதை மறந்து ஏரிக்கரையைப் பேச முடியாது.

முடிவுரை

கெடிஸ் விழுப்புரத்தைப் பற்றியோ திண்டிவனத்தைப் பற்றியோ எழுதும் பணியை ஏற்று வரவில்லை. சில மாதப் பயணத்தில் எழுதப்பட்ட அறிக்கைகளில் நூறாண்டுச் சிக்கல்கள் அனைத்திற்கும் விடை தேடுவது முறையன்று என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. எனவே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு கெடிசின் மீதன்று. அவருடைய முறையைக் குறையற்ற மாற்றாக இன்று மீட்டெடுக்கும் வாசிப்பின் மீதே. மரபு நகரமைப்பு, பங்கேற்புத் திட்டமிடல், நீர்நிலைக் காப்பு என்னும் தொடர்களோடு அவர் பெயர் மீண்டும் எழுதப்படும் இக்காலத்தில், அவர் காணாதது எது என்பதையும் உடன் எழுத வேண்டும்.

1920ஆம் ஆண்டுச் சட்டம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தால் மாற்றப்பட்டது. இரு கோப்புகள் இன்னும் ஒன்றாகவில்லை. தெருவில் நடந்து ஆய்வு செய்க என்னும் கெடிசின் நெறியை நாம் விட வேண்டியதில்லை. அந்நடையை எங்கிருந்து தொடங்குவது என்பதை மாற்றினால் போதும். தேர்வீதியில் தொடங்கிய ஆய்வு சேரிநத்தத்தை அடையாமலே முடியக்கூடும். சேரிநத்தத்தில் தொடங்கும் ஆய்வு கடைத்தெருவையும் நிலையத்தையும் ஏரிக்கரையையும் கடந்தே தேர்வீதிக்கு வரும். வழியில் உள்ள ஒவ்வோர் எல்லையையும் பதிவு செய்யும். விழுப்புரம், திண்டிவனம் போன்ற நடுத்தர ஊர்களின் நகராட்சிப் பதிவேடுகளையும் வருவாய்த்துறை நத்தம் பதிவேடுகளையும் அருகருகே வைத்து வாசிக்கும் ஆய்வுகள் பெருக வேண்டும். அவ்வாய்வுகளே தமிழக நகரங்களின் உண்மையான வரைபடத்தை நமக்குத் தரும்.